அடுத்த வசனத்தை நான் வாசிக்கவில்லை

ராஜினாமா கடிதம் மூன்று நாட்களாக அனுப்பப்படாமல் என் மின்னஞ்சலில் கிடந்தது. தேதி போட்டாயிற்று. மேலாளர் பெயர் போட்டாயிற்று. 'தனிப்பட்ட காரணங்களுக்காக' என்ற பொய்யையும் எழுதியாயிற்று. நான்காம் நாள் அதிகாலையில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, உம்முடைய சித்தம் என்னவென்று காட்டும்" என்று ஜெபித்தேன்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் கடிதம், அப்புறம் ஜெபம்.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. அந்த வாரக் கூட்டத்தில் மேலாளர் என் அறிக்கையிலிருந்த பிழைகளை எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பிழைகள் என்னுடையவைதான். அவர் சொன்ன விதம்தான் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் குரல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது ஓடியது, படுத்தபோது ஓடியது, வேதத்தைத் திறந்தபோதும் ஓடியது. அப்படித் திறந்த இடத்தில் ஏசாயா 52-ஆம் அதிகாரம் வந்தது. "புறப்படுங்கள், புறப்படுங்கள், அவ்விடம் விட்டுப் போங்கள்." உடம்பு சிலிர்த்துவிட்டது. இதைவிடத் தெளிவாக ஆண்டவர் எப்படிச் சொல்ல முடியும்? அங்கேயே வேதத்தை மூடிவிட்டு, கடிதத்தை அனுப்பிவிட்டேன்.

மாலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "ஆண்டவர்கிட்ட கேட்டீங்களா, சொன்னீங்களா?"

அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்கு அவிசுவாசமாகத் தெரிந்தது. வசனத்தைக் காட்டினேன். அவள் வசனத்தோடு வாதாடவில்லை.

அடுத்த வேலை கிடைக்க 11 மாதங்கள் ஆயின. அந்தக் காலத்தில் குடும்பம் அவளுடைய சம்பளத்தில் ஓடியது. வாக்குத்தத்தம் வாங்கிப் புறப்பட்டவன் என்ற பெருமை முதல் 2 மாதம் தாங்கியது. மூன்றாம் மாதத்திலிருந்து சபையில் யாராவது "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டுவிடுவார்களோ என்று, ஆராதனை முடிந்த கையோடு வெளியே வந்துவிடுவேன். எட்டாம் மாதம் வாக்கில், வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், ஏசாயாவை முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாக வாசிக்க ஆரம்பித்தேன். 52-க்கு வந்தபோது அந்தப் பதினோராம் வசனம் என்னைப் பார்த்தது. இந்த முறை பன்னிரண்டாம் வசனத்தையும் வாசித்தேன்.

"நீங்கள் தீவிரித்துப் புறப்படுவதில்லை; நீங்கள் ஓடிப்போகிறவர்கள்போல ஓடிப்போவதுமில்லை; கர்த்தர் உங்கள் முன்னே போவார்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. இன்னும் அரை நிமிடம் வேதத்தைத் திறந்து வைத்திருந்தால் போதும். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து வெளியேறப்போகிற ஜனத்துக்குச் சொன்ன வார்த்தை அது. எகிப்திலிருந்து அவர்களுடைய முன்னோர்கள் 'தீவிரமாய்' புறப்பட்டார்கள் என்று உபாகமம் 16:3 சொல்கிறது. இந்த முறை அப்படி வேண்டாம், அவசரமில்லாமல் வாருங்கள், முன்னாலும் பின்னாலும் கர்த்தர் இருக்கிறார் என்கிறார் தீர்க்கதரிசி. நானோ ஓடிப்போகிறவனைப்போலத்தான் ஓடினேன்.

அந்த வேலையை விட்டதே தவறு என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருவேளை ஆறு மாதம் கழித்து, வேறு வேலை கையில் இருக்கும்போது, மேலாளரோடு முகம் பார்த்துப் பேசிவிட்டு விட்டிருந்தால் அது சரியாகவே இருந்திருக்கலாம். நான் கேட்கவே இல்லை என்பதுதான் தவறு. கடவுளின் கையெழுத்து மட்டும்தான் எனக்குத் தேவையாக இருந்தது.

இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்த முதல் ஆள் நான் இல்லை என்பது எரேமியா 42-ஐ வாசித்தபோது தெரிந்தது. பாபிலோனியரிடம் எருசலேம் விழுந்தபின் தேசத்தில் மீந்திருந்தவர்கள் தீர்க்கதரிசியாகிய எரேமியாவிடம் வந்து, எங்களுக்காகக் கர்த்தரிடம் விசாரியுங்கள், நன்மையானாலும் தீமையானாலும் அவர் சொன்னபடியே செய்வோம் என்று சத்தியம் செய்கிறார்கள். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் அதற்கு முந்தின அதிகாரத்தின் கடைசியைப் பாருங்கள். அவர்கள் ஏற்கெனவே எகிப்துக்குப் போவதற்காகப் புறப்பட்டு வந்து பெத்லெகேமுக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிறார்கள். மூட்டை கட்டியாயிற்று, பாதி வழியும் வந்தாயிற்று. எரேமியாவுக்கும் உடனே பதில் வரவில்லை. 10 நாள் கழித்துத்தான் கர்த்தருடைய வார்த்தை வந்தது. போகாதே, இங்கேயே இரு என்பது பதில். உடனே அவர்கள், நீ பொய் சொல்லுகிறாய் என்றார்கள். அந்த 10 நாளும் அவர்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். பார்க்கிறவர்களுக்குக் காத்திருப்பதுபோலத்தான் தெரிந்திருக்கும்.

இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. எதையாவது ஜெபத்தில் வைப்பதற்கு முன், ஒரு நோட்டில் மேலே தேதி போட்டு, கீழே "எனக்கு உண்மையில் என்ன வேண்டும்?" என்று எழுதிக்கொள்வேன். பக்தி மொழி கூடாது. 'ஊழியத்துக்கு உதவியாக இருக்கும்' என்றெல்லாம் எழுதக் கூடாது. 'அவர்கள் மூக்கு உடைய வேண்டும்', 'பணம் வேண்டும்', 'பயமாக இருக்கிறது' என்று இருப்பதை இருக்கிறபடி எழுதவேண்டும். பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், தேவசித்தத்தை அறிய தான் எடுக்கும் முதல் படி, அந்தக் காரியத்தில் தன் இருதயத்துக்கென்று சொந்த விருப்பமே இல்லாத நிலைக்கு வருவதுதான் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவு தூரம் நான் வந்ததில்லை. ஆனால் என் விருப்பம் எது என்று தெரிந்துவைத்திருந்தால், அது ஆண்டவருடைய குரலில் பேச ஆரம்பிக்கும்போது அடையாளம் கண்டுகொள்ளலாம். அதுவே பெரிய உதவி.

இரண்டாவது சந்தர்ப்பம் சில வருடங்கள் கழித்து வந்தது. சபை நண்பர் ஒருவர் தன் தொழிலில் என்னைப் பங்குதாரராக அழைத்தார். நல்ல மனிதர், ஜெபிக்கிறவர். என் சேமிப்பு முழுவதையும் போட்டு, மேலே கொஞ்சம் கடனும் வாங்க வேண்டியிருக்கும். "கர்த்தர் உங்க பேரைத்தான் என் மனசுல வச்சாரு" என்றார். இரண்டு நாளில் பதில் வேண்டும், இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார்.

நம் மத்தியில் "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்பது மரியாதையாக மறுப்பதற்கான வாக்கியம் ஆகிவிட்டது. அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு முகம் சுருங்கினார். நான், "அண்ணே, ஆறு வாரம் கொடுங்க, ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் பதில் சொல்றேன்" என்றேன். தேதி சொன்னது உதவியது. அவருக்கு மட்டுமா, எனக்கும்தான். முடிவில்லாத காத்திருப்பு என்னைப்போன்றவனுக்கு ஆகாது. ஒன்று மறந்துபோகும், இல்லையென்றால் பொறுமை இழந்து எதையாவது செய்துவிடுவேன்.

அந்த ஆறு வாரத்தில் என்ன செய்தேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். நெகேமியாதான் அந்த நினைப்பை மாற்றினார். பெர்சிய ராஜாவின் அரண்மனையில் வேலை செய்த யூதர் அவர். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்துகிடக்கும் செய்தி அவருக்குக் கிஸ்லே மாதம் வருகிறது. ராஜாவிடம் வாய் திறப்பது நிசான் மாதம். நடுவில் ஏறக்குறைய 4 மாதம் உபவாசமும் ஜெபமும். ஆனால் ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று கேட்டதும் அவர் திணறவில்லை. எவ்வளவு காலம் செல்லும் என்று சொல்கிறார், வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறார், மரம் வேண்டும் என்கிறார், அந்த மரத்தைக் கொடுக்கவேண்டிய வனக்காவலாளனின் பெயர் ஆசாப் என்பதுவரை தெரிந்துவைத்திருக்கிறார். முழங்காலில் இருந்த அந்த நான்கு மாதத்தில் அவர் கணக்கும் போட்டிருக்கிறார்.

சரி, நானும் கணக்குப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு பேரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் எங்கள் போதகர். மற்றவர் சபையிலேயே அதிகம் பேசாத, ஓய்வுபெற்ற கணக்காளர். பத்துப் பேரிடம் சொல்லியிருந்தால் பத்துத் தரிசனம் வந்திருக்கும். எனக்குப் பிடித்ததைப் பொறுக்கிக்கொண்டிருப்பேன். போதகர் ஜெபித்தார், நிறையக் கேள்வி கேட்டார், முடிவு சொல்ல மறுத்துவிட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அவர்மேல் மரியாதை கூடியிருக்கிறது. கணக்காளர் ஐயா, "மூணு வருஷ வரவுசெலவு வாங்கிட்டு வாங்க தம்பி, பாத்துட்டு ஜெபிப்போம்" என்றார். பார்த்துவிட்டு ஜெபிப்போம்! எனக்கு அது தலைகீழாகப் பட்டது. ஆனால் தூரதேசத்தார் என்று ஏமாற்றி உடன்படிக்கை கேட்டு வந்த கிபியோனியர் விஷயத்தில் யோசுவாவும் சபையின் பிரபுக்களும் பழைய அப்பத்தையும் கிழிந்த துருத்திகளையும் பார்த்தார்கள், கர்த்தருடைய வாக்கைத்தான் கேட்கவில்லை. அவர்கள் பார்த்ததோடு நிறுத்தினார்கள், நான் முன்பு வேலையை விட்டபோது பார்க்கவே இல்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பதைத்தான் ஐயா சொன்னார்.

வரவுசெலவுக் கணக்கைக் கேட்டேன். "இதோ தர்றேன்" என்றார் நண்பர். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். நடுவில் இரண்டு முறை, மற்றவர் பணத்தோடு தயாராக நிற்கிறார் என்று போன் வந்தது. அந்த இரவுகளில் சவுல் ராஜா எனக்கு நன்றாகப் புரிந்தான். தீர்க்கதரிசி சாமுவேல் வந்து பலியிடும்வரை காத்திருக்கவேண்டும் என்பது அவனுக்குச் சொல்லப்பட்டது. கில்காலில் அவன் ஏழு நாள் முழுவதும் காத்திருந்தான், ஜனங்கள் சிதறிப்போகிறார்கள், பெலிஸ்தர் கூடிவிட்டார்கள், சாமுவேலைக் காணோம். "எண்ணித் துணிந்து" பலியிட்டேன் என்கிறான். அவன் பலியிட்டு முடித்த உடனே சாமுவேல் வந்து நிற்கிறார். அவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கிறது பதில். கடைசி ஒரு மணி நேரம்தான் கஷ்டம் என்று நினைக்கிறேன். முதல் ஏழு நாளை யாரும் கடந்துவிடலாம்.

ஆறாவது வாரம் வந்தது. கணக்கு வரவில்லை. குரல் கேட்கவில்லை, சொப்பனம் வரவில்லை, வசனம் எதுவும் எழுந்து நின்று பேசவில்லை. முதலில் இருந்த பரபரப்பு மட்டும் எங்கோ அடங்கிப்போயிருந்தது. ஞாயிறன்று, "அண்ணே, என்னால முடியாது, மன்னிச்சிருங்க" என்று சொன்னேன்.

இனி சொல்லப்போவதைச் சாட்சி நேரத்தில் சொன்னால் எடுபடாது. அவருடைய தொழில் நன்றாக வந்தது. இன்றைக்கும் நன்றாகவே நடக்கிறது. அந்த இன்னொருவர் பணம் போட்டார், சம்பாதித்தார். அப்படியானால் நான் தவறாகக் கேட்டுவிட்டேனா? வெகுநாள் இது உறுத்தியது. நாம் சொல்லும் சாட்சிகளில் எல்லாம் காத்திருந்தவன் கடைசியில் ஜெயிப்பான், அவசரப்பட்டவன் குழியில் விழுவான். என் கதை அப்படி இல்லை. கணக்கைக் காட்டாத ஒருவரிடம் கடன் வாங்கிப் பணம் போடுவது எனக்கு ஞானமல்ல, என் வீட்டு நிலைமைக்கு அது சரியல்ல. தொழில் வளர்ந்ததால் அது ஞானமாக மாறிவிடாது. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

சமாதானம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். "உள்ளத்துல சமாதானம் இருக்கா? அப்ப போங்க" என்பது நம்மிடையே புழங்கும் அளவுகோல். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. நினிவேக்குப் போ என்ற கர்த்தருக்கு விலகி யோனா ஓடும்போது யோப்பாவில் கப்பல் தயாராக நின்றது, கையில் கூலி இருந்தது, ஏறிப் படுத்ததும் அயர்ந்து தூங்கிவிட்டார். திறந்த கதவும் இருந்தது, சமாதானமும் இருந்தது. மறுபக்கம், கெத்செமனே தோட்டத்தில் பிதாவின் சித்தத்தின் நடுவில் நின்ற இயேசுவின் வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. ராஜினாமா கடிதத்தை அனுப்பிய அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? குழந்தைபோலத் தூங்கினேன். கோபத்தைக் கொட்டித் தீர்த்தவனுக்கு வருகிற தூக்கம் அது.

அதனால் இப்போது நான் மனநிலையைவிட நேரத்தைப் பார்க்கிறேன். இரவு 9 மணிக்குமேல் எந்த முடிவும் கிடையாது. கோபம் இருக்கும்போது கிடையாது, காய்ச்சலில் கிடையாது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கத்தோலிக்கத் துறவி லொயோலா இஞ்ஞாசியார், மனம் வறண்டுகிடக்கும் காலத்தில் ஏற்கெனவே எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்று போதித்தார். எங்கள் சபைப் பிரசங்கங்களில் அவர் பெயர் வராது, ஆனால் இந்த ஒரு ஆலோசனை என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்டபோதும், கர்த்தர் முதலில் தூங்க வைத்தார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்க வைத்தார். ஓரேப் மலையில் பேச்சு அதற்கு அப்புறம்தான்.

மூன்றாவது விஷயத்தைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம். காத்திருக்கக் கற்றுக்கொண்டவன் என்று சபையில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. இளைஞர் கூட்டத்தில் இதைப்பற்றிப் பேசச் சொல்வார்கள். பேசுவேன். அந்த வருடங்களிலெல்லாம் என் கூடப்பிறந்த அண்ணனோடு எனக்குப் பேச்சு இல்லை. அப்பா இறந்தபின் வீட்டை விற்கும் விஷயத்தில் வாக்குவாதம் வந்து, நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுத முடியாது. 6 வருடம். மனைவி கேட்கும்போதெல்லாம், "ஆண்டவருடைய நேரம் வரட்டும், ஜெபிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பேன். ஜெபித்தது உண்மை. நோட்டில்கூட அவர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே "எனக்கு உண்மையில் என்ன வேண்டும்?" என்ற வரியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன்.

ஒரு முறை இளைஞர் கூட்டத்தில் யாத்திராகமம் 14:14-ஐ எடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்." முன்னால் கடல், பின்னால் பார்வோன், நடுவில் சும்மா நிற்கும் ஜனம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை கையைத் தூக்கி, "அங்கிள், அடுத்த வசனத்துல அவர் 'புறப்பட்டுப் போங்கள்'னு சொல்றாரே?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். "அப்பொழுது கர்த்தர் மோசேயை நோக்கி: நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள் என்று இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லு."

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்வரை மனைவியிடம் ஒன்றும் பேசவில்லை. சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேதானே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று இயேசு சொல்லியாயிற்று. இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? எதற்கு அடையாளம்? கிதியோன்கூட அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைப் போட்டபோது, 'நீர் சொன்னபடி' என்றுதான் ஆரம்பிக்கிறான். சொல்லப்பட்டது அவனுக்கே தெரியும்.

அன்றைக்கு மணி 9 தாண்டியிருந்தது. என் சட்டப்படி இரவில் முடிவு கிடையாது. ஆனால் இது முடிவெடுக்கும் விஷயமே இல்லை என்று தோன்றியது. எண்ணை அழுத்தினேன். நாலு முறை அடித்தது. எடுக்கமாட்டார் என்று நிம்மதி வரத் தொடங்கிய நேரத்தில் எடுத்தார்.

"அண்ணே, நான்தான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொலைக்காட்சியின் ஒலியை யாரோ குறைப்பது கேட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வாக்கியம் பாதியில் உடைந்துபோனது. மீதியை அவர் கேட்டாரா என்று தெரியாது.

கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான். "இத்தனை வருஷம் என்னடா பண்ணிக்கிட்டிருந்தே?"

ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.